கிதார் நம்ம வாத்தியமா?

போன வருஷம் ஒரு பறைப் பயிற்சி முகாம். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பிடித்த இசைக்கலைஞர் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் ஊர்ப் பறையடிக்கும் தாத்தாவைச் சொன்னார். இன்னொருவர் ராஜாவைச் சொன்னார். என் முறை வந்தபோது நான் டேவிட் கில்மர் என்றேன். பிங்க் ஃபிளாயிட் குழுவின் கிதார் கலைஞர். வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜ் ஊர்க்காரர். வட்டத்தில் ஒரு சின்ன மௌனம். பிறகு எதிரே இருந்த தோழர், கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: ‘‘கிதார் நம்ம வாத்தியமா தோழர்?’’

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் சொல்ல வேண்டுமானால் என் தாய்மாமாவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அந்த ராத்திரி போதாது.

நான் பிறந்து வளர்ந்தது புளியந்தோப்பு. எங்கள் பக்கத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது ஆடுதொட்டி, ரவுடி, கானா என்ற மூன்றுதான். 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது எங்கள் சேரிகள் கொளுத்தப்பட்டன என்பது தொழிற்சங்க வரலாற்றைப் படித்தவர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை அடிக்குறிப்பில்தான் வைத்திருக்கிறார்கள். மாமா அந்த பி அண்டு சி மில்லில்தான் வேலை பார்த்தார். 1996இல் மில்லை ஒரேயடியாக மூடினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அப்புறம் அந்தக் காலி மில்லுக்குள் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். தியேட்டரில் படம் பார்க்கும்போது மாமா, கதாநாயகன் உதைத்து விழுகிற அடியாளைப் பார்க்காமல் பின்னாலிருக்கும் சுவரையே பார்த்துக்கொண்டு, ‘‘தோ, அந்தாண்டதான் நம்ம செக்ஷனு’’ என்பார்.

மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால் மாமாவுக்குக் கிதார்தான். அது கல்கத்தாவில் செய்த கிவ்சன். மேல்பலகையில் ஒரு விரிசல், அதன்மேல் சைக்கிள் ட்யூப் ஒட்டு. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரம்பூரிலிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு வாசித்தவர். அவர் ஆஸ்திரேலியா போகிறபோது தூக்கிப்போக முடியாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவுக்குக் கிடைத்தவை இந்தக் கிதாரும் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகளும்.

மாமா கிதாரோடு போகாத இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏசுவுக்கு, ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ அங்காளம்மனுக்கு, ஏப்ரல் 14 அம்பேத்கருக்கு. மூன்று பேருக்கும் அதே கிவ்சன், அதே நாலு கார்டு. ‘‘சாமி மாறுனா மாறட்டும்மே, ஸ்ருதி மாறக்கூடாது’’ என்பார். நடுவில் மெல்லிசைக் கச்சேரி. ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982இல் வந்ததிலிருந்து எந்த மேடைக்குப் போனாலும் ‘இளைய நிலா’ கேட்பார்கள். கிதார்காரனுக்கு அது ஒரு பரீட்சை. அந்தப் பாட்டில் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். படத்தைப் பார்த்த லட்சக்கணக்கான ஜனங்கள் மோகன் கையிலிருந்த கிதாரைத்தான் பார்த்தார்கள். சந்திரசேகரின் முகம் யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டு தொடங்கும் முன் மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ‘‘அந்த மன்சன் வாச்சதுல பாதி வந்துச்சின்னா போதும், நான் பொழச்சேன்.’’

நம் தோழர்கள் மறந்துவிடுகிற ஒன்று, ராஜாவே முதலில் ஒரு கிதார்க்காரர் என்பது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார் பரீட்சை எழுதி, சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிதார் வாசித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அப்புறம்தான் 1976இல் ‘அன்னக்கிளி’. அவரை எந்த அடையாளத்துக்குள்ளும் வைக்கக்கூடாது என்று அவரே சொல்கிறார், சரி. நான் வைக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒருவன் கிதார் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அவன் ஆத்தா ‘‘உனக்கெதுக்குடா அது’’ என்று கேட்கும்போது, அவன் திருப்பிச் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

அந்த பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன். அதில் இருந்தவை எல்லாம் வெறும் கேசட்டில் பதிவு செய்தவை, ஊதா மையில் பெயர் எழுதியிருக்கும். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என்னைக் கூப்பிட்டு வைத்துப் படிக்கச் சொல்வார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ‘ஜெ-னி-சிஸ்’. ‘கிங்-கிரிம்-சன்’. ‘பிங்க் ஃபிளாயிட்’. பிங்க் ஃபிளாயிட் என்பது ஓர் ஆளின் பெயர் என்றே நாங்கள் இருவரும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். ‘‘பிங்க்கு இன்னாமா இழுக்கிறான் பாரு!’’

இந்த வகை இசைக்கு ‘ப்ராக்ரசிவ் ராக்’ என்று பெயர் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. மூன்று நிமிஷப் பாட்டாக இருந்த ராக்கை இருபது நிமிஷத்துக்கு நீட்டி, மேற்கத்திய செவ்வியல் இசையையும் ஜாஸையும் உள்ளே இழுத்து, தாளத்தை ஐந்திலும் ஏழிலும் உடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். தமிழில் மொழிபெயர்த்தால் ‘முற்போக்கு ராக்’. எம்.ஏ. தமிழ் வகுப்பில் முற்போக்கு இலக்கியம் என்ற தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெயர் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அங்கேயும் இங்கேயும் முற்போக்கு என்று சொல்லிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த பையன்களே.

மாமாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது காது. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்த ஆல்பம். அதில் ‘மணி’ என்ற பாட்டு ஏழு தட்டில் போகும். அது எங்களுக்குப் புதுசில்லை, எண்ணிப் பார்க்கிற எவனும் கண்டுபிடிப்பான். கில்மரின் கிதார் தனியாக வரும் இடத்தில் தாளம் சத்தமில்லாமல் நாலுக்கு மாறும். சுவரில் சாய்ந்தபடி முழங்காலில் தட்டிக்கொண்டிருந்த மாமா டக்கென்று நிறுத்தி, ‘‘ஏழுல வந்தவன் இப்ப நாலாயிட்டான் பாரு. ஏன்னு சொல்லு?’’ என்றார். நான் முழித்தேன். ‘‘அழணும்ல. எண்ணிகினே அழ முடியுமா?’’

இதைவிட நல்ல இசை விமர்சனத்தை நான் அப்புறம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயா சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு முன்னால் நிற்கிற பொம்பளை. ஒருநாள் மாமா ‘தி வால்’ கேசட்டைப் போட்டிருந்தார், 1979இல் வந்தது. அதில் ‘கம்ஃபர்டப்லி நம்ப்’ பாட்டின் கடைசியில் கில்மரின் நீண்ட கிதார் வரும். கம்பியை விரலால் மேலே தள்ளித் தள்ளி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறாமல் ஏறுவார், பாதி வழியில் நின்று நடுங்குவார். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆயா கையை நிறுத்திவிட்டுக் கேட்டது: ‘‘யார் ஊட்டுலடா சாவு?’’

நாங்கள் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. ஒப்பாரியில் அடியின் கடைசியில் குரலை இழுத்து உடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஆர்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. கிதாரில் இருக்கிறது, ஏனென்றால் கம்பியை இழுக்கலாம். மாமா அன்றைக்கு ராத்திரி முழுக்க ஆயாவின் ஒப்பாரியைக் கிவ்சனில் பிடிக்கப் பார்த்தார். அந்தக் கிதாரின் கம்பி உயரத்துக்கு அவ்வளவு தள்ள முடியாது, விரல்தான் கிழியும். கிழிந்தது.

மாமாவின் பட்டியலில் ராபர்ட் ஃபிரிப்புக்கு மரியாதை உண்டு, பாசம் கிடையாது. கிங் கிரிம்சனின் தலைவர் ஃபிரிப். 1969இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே வியட்நாம் போரின் நெருப்பைப் பற்றியது. மேடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பார். ரொம்ப நாள் கழித்து, பிரவுசிங் சென்டரிலிருந்து அவர் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு மாமா, ‘‘ரேஷன் கடையில பில்லு போடறவன் மாதிரி குந்திகினு கீறான். ஆனா கணக்கு தப்பாது’’ என்றார். ஸ்டீவ் ஹாக்கெட்டை ரொம்பப் பிடிக்கும். ஜெனிசிஸ் குழுவின் 1972 ஆல்பத்தில் ‘ஹொரைசன்ஸ்’ என்று ஒன்றரை நிமிஷச் சின்ன வாசிப்பு, தனிக் கிதார். பாக் எழுதிய செல்லோ இசை ஒன்றிலிருந்து எடுத்துத் தொடங்குவார். அதன் முதல் பாதி மாமாவுக்கு வந்துவிட்டது. சபையில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதைத்தான் வாசிப்பார், ஐயருக்குத் தெரியாது. ‘எஸ்’ குழுவின் ஸ்டீவ் ஹோவின் கேசட் நடுவில் சிக்கிக் கிழிந்துபோனதால் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் அபிப்பிராயம் கிடையாது.

மில் மூடிய பிறகு மாமா கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஹார்பரில் லோடு, ஆடுதொட்டியில் தோல் சுமப்பது, கடைசியில் தகரம் அடிக்கிற ஒரு பட்டறை. 1999இல் அங்கே பிரஸ் மிஷினில் இடது கை போய்விட்டது. கை என்றால் முழுக் கையில்லை, மோதிர விரலும் சுண்டு விரலும், மேல் கணு வரைக்கும். ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாசச் சம்பளமும் கொடுத்தார்கள். இனிமே வர வேணாம் என்றார்கள். கம்பியை அழுத்துகிற கை இடது கை.

அன்றைக்கு ஆணியில் மாட்டியது அந்தக் கிதார். அம்மா தினமும் துடைப்பாள். வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். மாமா கச்சேரி இருக்கிற தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். எனக்கு அவர் மூன்று கார்டு கற்றுக்கொடுத்திருந்தார். நான் எடுத்து வாசிக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். ஆயா ‘‘பொட்டச்சிக்கு எதுக்கு’’ என்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்போது சொல்லாததை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பி.ஏ. படிக்கும்போது, 2008 என்று நினைவு, பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தவள் டோனி அயோமியின் கதையைப் படித்தேன். பிளாக் சாபத் குழுவின் கிதார்க்காரர். முற்போக்கு ராக் பட்டியல் போடுகிறவர்கள் இவரைச் சேர்க்கமாட்டார்கள், இவர் வேறு தெரு. பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், அதுவும் வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், மிஷினில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கம், ஆகவே கம்பியை அழுத்துகிற கைதான் அதுவும். எல்லாம் முடிந்தது என்று கிடந்தபோது ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்சி கிதார்க்காரர், தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்தவர். அதைக் கேட்டபின் அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய கம்பி போட்டார். பிற்பாடு விரலுக்கு நோகாமலிருக்கக் கம்பியைத் தளர்த்தி ஸ்ருதியையும் இறக்கினார். கனராக இசைக்கே இருக்கிற அந்தக் கனத்த சத்தத்தில் பாதி, விரல் போன ஒரு தொழிலாளி வலியைக் குறைக்கச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கடைசியில் தோல் ஒட்டினார் என்றதும், ‘‘தோலா? தோலுக்கு நம்மாண்ட இன்னாமே பஞ்சம்? பெரியமேட்டுல கொட்டிக் கெடக்குது’’ என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ‘‘ஒம்பது வருசம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கக்கூடாதா’’ என்றார்.

பர்மிங்காமில் ஒரு ஃபோர்மேன் இருந்தான். எங்கள் ஆளுக்கு அப்படி ஒருவன் இல்லை. அயோமி 1960களில் செய்த காரியம் எங்களுக்கு வந்து சேர நாற்பது வருஷத்துக்குமேல் ஆனது. அதுவும் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து.

மாமா செய்தார். ஷாம்பு பாட்டில் மூடி, மெழுகுவர்த்தி, பெரியமேட்டிலிருந்து செம்மறியாட்டுத் தோல் துண்டு. முதல் நாலைந்து தொப்பிகள் கழன்று விழுந்தன. ஒன்று நின்றது. அதை வைத்துக்கொண்டு பழைய வேகம் வரவில்லை. ‘இளைய நிலா’ திரும்பி வரவேயில்லை. கில்மர் வந்தார். மெதுவாக, ஒவ்வொரு சுரமாக வாசிக்கிறவர் அல்லவா. வேகத்தில் பேர் வாங்கின கிதார்க்காரர்களை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். டிரீம் தியேட்டர் குழுவின் ஜான் பெட்ரூச்சியைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நானும் கேட்பேன், ஆச்சரியப்படுவேன், அவ்வளவுதான்.

அதே பிரவுசிங் சென்டரில்தான் பிங்க் ஃபிளாயிட் ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள் என்பதும் தெரிந்தது. குழுவுக்குப் பெயர் வைத்த சிட் பாரெட், ஓர் இசைத்தட்டு உறைக் குறிப்பில் பார்த்த இரண்டு கறுப்பு ப்ளூஸ் கலைஞர்களின் முதல் பெயர்களைச் சேர்த்து வைத்தது அது. பிங்க் ஆண்டர்சன், தென் கரோலினாக்காரர். மருந்து விற்கிறவனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிக் கூட்டம் சேர்த்தவர், நம்ம ஊர் லேகிய வியாபாரி வித்தைக்காரனை வைத்துக்கொள்வதைப் போல. ஃபிளாயிட் கவுன்சில், வட கரோலினாக்காரர். 1973இல் அந்த ஆல்பம் வந்து உலகமெங்கும் விற்றபோது இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஆண்டர்சன் 1974இல் இறந்தார், கவுன்சில் 1976இல். 2019இல் கில்மரின் கறுப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் ஏலத்தில் ஏறக்குறைய நாற்பது லட்சம் டாலருக்குப் போனது. பணத்தை அவர் சுற்றுச்சூழல் வழக்குகளுக்காகக் கொடுத்துவிட்டார், நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

கிதார் யாருடைய வாத்தியம் என்று கேட்டால் எனக்கு இந்தப் பெயர்கள்தான் ஞாபகம் வருகின்றன. கறுப்பர்களின் சர்ச்சிலிருந்து மின்கிதாரோடு கிளம்பிய ஒரு பெண், சிஸ்டர் ரோஸெட்டா தார்ப், 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றின் பிளாட்பாரத்தில் மழைக்கு நடுவே நின்று வாசித்தார். எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும். 1980இல் தென்னாப்பிரிக்காவில் மாணவர்கள் பள்ளிகளைப் புறக்கணித்துப் போராடியபோது ‘தி வால்’ ஆல்பத்தின் பள்ளிக்கூடப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். நிறவெறி அரசு அந்தப் பாட்டையே தடை செய்தது. ராக் கறுப்பர்களுடையது என்பதையே கறுப்பர்கள் அமைப்பு கட்டித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1985இல் நியூயார்க்கில் ‘பிளாக் ராக் கோயலிஷன்’ தொடங்கியவர்களில் ஒருவர் கிதார் கலைஞர் வெர்னன் ரீட். 1972இல் பம்பாயில் நம் ஆட்கள் பாந்தர் என்ற பெயரைக் கடல் தாண்டி எடுத்துக்கொண்டபோது, ‘இது நம்ம பெயரா’ என்று யாரும் கேட்கவில்லையே.

இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு, மறைக்கக்கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், 2005இல் மறைந்தார். மேற்கத்தியக் கீர்த்தனையும் வேண்டாம், கர்நாடகக் கீர்த்தனையும் வேண்டாம், சனங்கள் தங்கள் வாயாலேயே மாற்றிப் பாடிக்கொள்ளக்கூடிய நாட்டுப்புற மெட்டுதான் விடுதலை இசை என்று வாதாடினவர். கிதாருக்குக் காசு வேண்டும், பாடம் வேண்டும். ஒப்பாரிக்கு இரண்டும் வேண்டாம். அவர் சொன்னதை நான் தள்ளவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கிதார் ஒப்பாரியிடம் போய்ப் பாடம் கேட்டது, அதை நான் கண்ணால் பார்த்தேன். என்ன செய்ய.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. இந்தியாவில் முற்போக்கு ராக் செய்கிறவர்கள் ‘நம் மண்ணின் இசை’யைத் தேடிப் போகும்போதெல்லாம் எப்படியோ தவறாமல் கர்நாடக சங்கீதத்தின் வாசலிலேயே போய் நிற்கிறார்கள். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன், கிதாரில் கமகம் வாசிப்பதில் அசகாயசூரர். அவர்களுடைய 2008 ஆல்பம் ‘மக்தூப்’ எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பங்களில் ஒன்று, அதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரின் ‘அகம்’ குழு தியாகராஜர் கீர்த்தனையையே ராக்காக வாசிக்கிறது. வாசிக்கட்டும். ஆனால் ராக்கோடு கீர்த்தனையைக் கலந்தால் அதற்குப் பெயர் ‘ப்ராக்ரசிவ்’. அதே ராக்கோடு சட்டியையும் கட்ட மோளத்தையும் கலந்தால் அதற்குப் பெயர் ‘லோக்கல்’. ஏழு தட்டு சபாவில் ஒலித்தால் மிஸ்ரம், பாடைக்கு முன்னால் ஒலித்தால் டப்பாங்குத்து. ஒருமுறை நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றின் கலைவிழாவில் ராக் கச்சேரி. நானும் மாமா பையனும் போனோம். என் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். அவனை நிறுத்தினார்கள். ‘எந்த ஏரியா?’ என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். நானும் திரும்பிவிட்டேன். மதில் சுவருக்கு வெளியே ரோட்டோரம் நின்று இரண்டு மணி நேரம் கேட்டோம். வெளியே பேஸ் மட்டும்தான் நன்றாகக் கேட்கும். கிதாரைக் காற்று கொண்டுபோய்விடும்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்பதிலிருந்து வந்தது. மாமாவைக் கட்டாயப்படுத்தி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் யாரும் ஏரியா கேட்கவில்லை. மேடையில் பத்தொன்பது பேர், எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு. ‘‘கோட்டு போட்டுகினு கானாவா!’’ என்று மாமா வாயைப் பொத்திக்கொண்டார். சட்டி, கட்ட மோளம், பறை, டிரம்ஸ், நடுவில் கிதாரோடு சாகிப் சிங். இராயபுரத்து இசைவாணி பாடியபோது எனக்குப் பின்னாலிருந்த பெண்கள் நாற்காலியின்மேல் ஏறி நின்றார்கள். ஒரு பெண் கானா மேடையில் நடுவில் நிற்பதைப் பார்த்து ஆயா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்தேன். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு.

மாமா பாட்டைக் கேட்கவில்லை. சாகிப் சிங்கின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டி அடிக்கிறவர்கள் வேகமெடுக்கும் இடங்களில் கிதார் எங்கே நிற்கிறது, எங்கே உள்ளே வருகிறது என்று முழங்காலில் தட்டிப் பார்த்தார். முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது சொன்னார்: ‘‘சட்டிக்கு வழி வுட்டு வாசிக்கிறான் புள்ள. நாங்க வாசிக்கிறப்போ எங்களுக்கு அது தெரியல. சட்டி நம்ம பின்னாடி வரணும்னு நெனச்சிட்டோம்.’’ கிதார் மேல், சட்டி கீழ் என்ற அந்த அடுக்கு எங்களுக்குள்ளேயும் இருந்தது என்பதை மாமா அவ்வளவு சாதாரணமாக, பன்னை டீயில் நனைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இப்போது நான் அதிகம் கேட்பது தோசின் அபாசியை. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ‘அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்’ குழு, எட்டுக் கம்பிக் கிதார். கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கிறார், கிதாரையே தோல் வாத்தியம் மாதிரி. வேகக்காரர்கள் பிடிக்காது என்று மேலே எழுதியிருக்கிறேன். இவர் விதிவிலக்கு. மாமாவுக்கு ஒருநாள் செல்போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். ‘‘இவன் ஆளு’’ என்றார். எந்த ஆளு என்று நான் கேட்கவில்லை.

2021 மே மாதம் மாமா போய்விட்டார். கொரோனா இரண்டாவது அலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோனார்கள், நாலு பேர் மட்டும் போனோம். எத்தனை சாவுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கானாவுக்குக் கிதார் வாசித்த ஆள். அவருக்குச் சட்டியில்லை, கட்ட மோளமில்லை, ஒரு சங்கு கூட இல்லை. காரியத்தன்று வீட்டுக்குள் நான், அம்மா, மாமா பையன் மூன்று பேரும் செல்போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் வைத்து, சத்தம் கூடி வரட்டும் என்று, அந்த ‘கம்ஃபர்டப்லி நம்ப்’ பாட்டைப் போட்டோம். கடைசிக் கிதார் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று அழுதது. அதற்கு அந்தப் பாட்டு என்னவென்று தெரியாது.

கிவ்சன் இன்னும் இருக்கிறது. ஆறாவது கம்பி இல்லை. தோல் ஒட்டின அந்த இரண்டு தொப்பிகளும் அதன் ஓட்டைக்குள் கிடக்கின்றன, ஆட்டினால் சத்தம் கேட்கும். மாடி வீட்டில் சட்டி வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், பதினாறு வயசு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ‘‘அக்கா, கிட்டாரு ஒரு நாளைக்குக் குடுக்கா, பாத்துட்டுத் தரேன்’’ என்று வாங்கிக்கொண்டு போனான். இன்னும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்திரியில் மேலிருந்து சத்தம் வருகிறது. ஸ்ருதி சேரவில்லை, ஆனால் தாளம் சரியாக இருக்கிறது.